ஆம்ப்ளிபயருக்கு ஏழு மோட்டார் சாட்சி

எங்கள் வீட்டு ஹாலில் அன்று மாலை ஐந்து மணிக்கு ஏழு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் சோபாவில், இரண்டு பேர் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில், மீதி இருவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தரையில். எல்லோர் கையிலும் செல்போன்.

நான் பாட்டுக் கேட்பதற்கென்று சுவரிலிருந்து அளந்து போட்டிருந்த ஒற்றை நாற்காலியில், எங்கள் பகுதி மின்சார ஆபீஸின் உதவிப் பொறியாளர், அதாவது ஊரார் சொல்லும் ஏ.இ. மேடம், மடியில் ஒரு மீட்டரோடு அமர்ந்திருந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அந்த நாற்காலியில் அதுவரை என்னைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை என்பதே இன்னும் சரியான வாக்கியம்.

"ஆரம்பிக்கலாங்களா சார்? பாட்டைப் போடுங்க" என்றார்.

நான் போட்டேன். அந்த அறையில் அத்தனை பேர் அவ்வளவு கவனமாக ஆலாபனை கேட்டது அதுவே முதல் தடவை. ஆனால் யாரும் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. எல்லோரும் மீட்டரைத்தான் பார்த்தார்கள்.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

துணி வைக்க முடியாத பீரோக்கள்

நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகும் பக்கம், வயல்களை ஒட்டிய ஒரு புதுத் தெருவின் கடைசியில். என் மனைவி கலைச்செல்வி பெரம்பலூரில் கணக்கு டீச்சர். இவற்றை முன்பே இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு முறை.

திருச்சியில் ஒரு டாக்டர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் தங்குவதென்று முடிவு செய்து வீட்டைக் காலி செய்தபோது, அவருடைய ஸ்பீக்கர்கள் இரண்டும் என்னிடம் வந்தன. வெளிநாட்டுச் சரக்கு. என் மார்பளவு உயரம். ஆம்ப்ளிபயரை மட்டும் அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

ஸ்பீக்கர்களில் இரண்டு சாதி உண்டு. எந்த ஆம்ப்ளிபயரோடு இணைத்தாலும் பாடிவிடுகிற சாதி ஒன்று. கல்யாண மண்டபத்து மைக் செட் அந்த வகை. இன்னொன்று, நல்ல பலமுள்ள ஆம்ப்ளிபயர் பின்னால் நின்று கரண்டை அள்ளிக் கொடுத்தால்தான் வாய் திறக்கும். கொஞ்சம் இளைத்த ஆம்ப்ளிபயரை மாட்டினால் தவில் அட்டைப் பெட்டியாகிவிடும். என்னுடையவை இரண்டாவது சாதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சரியான ஆம்ப்ளிபயர் கிடைக்கும்வரை அவை பல மாதம் ஊமையாக நின்றன.

"ரெண்டு பீரோ வாங்கிட்டு வந்திருக்கீங்க. துணியும் வைக்க முடியல" என்றாள் கலைச்செல்வி. விருந்தினர் யார் வந்தாலும் அவர்களுக்கும் இதே அறிமுகம்தான்.

கடைசியில் சென்னையில் ரகுநாதன் என்ற டீலர் கிடைத்தார். இரண்டு ஆம்ப்ளிபயர்களை அனுப்புவதாகவும், வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பலாம் என்றும் சொன்னார்.

"ஒரு வாரம் போதுங்களா சார்?"

"இருபத்தெட்டு நாள் வேண்டும்" என்றேன்.

பெட்டிகள் திரும்பி வரும் தேதியை அவர் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

இருபத்தெட்டு நாளின் காரணம்

அது என் தொழில் பழக்கம். சிமெண்டைக் குழைத்துச் சிறு கட்டிகளாக வார்த்துத் தண்ணீரில் போட்டு வைப்போம். மூன்றாம் நாள் சிலவற்றை உடைத்து வலிமை பார்ப்போம். ஏழாம் நாள் சில. இருபத்தெட்டாம் நாள் உடைப்பதுதான் இறுதித் தீர்ப்பு. அதற்கு முன் ஒரு சிமெண்டை நல்லது என்று சொன்னவனை எங்கள் ஆய்வகத்தில் மனிதனாக மதிக்க மாட்டோம்.

மாப்பிள்ளை பார்ப்பதற்கும் இந்த முறை வேண்டும் என்று ஒரு தடவை மைத்துனர் வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு தீபாவளிக்கு அழைப்பில்லாமல் இருந்தேன். அது வேறு கதை.

பெட்டிகள் வந்தன. ஒன்று வால்வு வைத்தது. கண்ணாடிக் குழாய்களுக்குள் மஞ்சளாக எரியும். இன்னொன்று டிரான்சிஸ்டர். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஒரு நீள நோட்டை எடுத்து ஆறு கட்டம் போட்டேன்: தேதி, நேரம், எந்த ஆம்ப்ளிபயர், எந்த இசை, பத்துக்கு மதிப்பெண், குறிப்பு. ஷிப்ட் வேலை ஆதலால் ஒரு வாரம் காலையிலும் அடுத்த வாரம் மாலையிலும் கேட்பேன். எழுதியவுடன் பென்சிலைச் சீவி வைப்பேன்.

மூன்றாம் நாளுக்குள் ஒரு விபரீதம் தெரிந்தது. ஒரே ஆம்ப்ளிபயர், ஒரே இசை. காலை ஐந்தரைக்கு எட்டு மதிப்பெண். ஆறேகாலுக்கு நான்கு.

ரகுநாதனைக் கூப்பிட்டேன். அவர் கலங்கவே இல்லை.

"புதுசு சார். இருநூறு மணி நேரம் ஓடணும். அப்புறம்தான் பேசும்."

"ஐந்தரைக்குப் பேசியதே."

"என்ன ஒயர் போட்டிருக்கீங்க?"

ஒயர் மாற்றினேன். பிறகு ஸ்பீக்கருக்கு அடியில் கருங்கல் பலகை வைக்கச் சொன்னார். வைத்தேன். திரைச்சீலையைத் தடிப்பாக்கச் சொன்னார். தைக்கக் கொடுத்தேன். "அம்மிக்கல் சும்மாத்தான் கிடக்கு, அதையும் கொண்டுவந்து மேல வைங்க" என்றாள் கலைச்செல்வி. அதைக் குறித்து ரகுநாதனிடம் நான் விசாரித்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு விடிவு வந்தது. தொடர்ந்து நான்கு நாள் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் காலை முழுவதும் அற்புதமாகப் பாடியது. பத்துக்குப் பத்து போட்டேன். வாழ்க்கையில் நான் யாருக்கும் பத்து போட்டவன் அல்ல. 'பதப்பட்டுவிட்டது' என்று குறிப்பெழுதிக் கீழே கோடும் போட்டேன். ஐந்தாம் நாள் மறுபடி நான்கு.

மருதமுத்து படித்த நோட்டு

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வயல் மருதமுத்துவுடையது. ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம். என் வயதுதான். என்னை "சிமெண்ட் சார்" என்பார். அந்த வாரம் ஒரு மனுவில் கையெழுத்து வாங்க வந்தார். வோல்டேஜ் குறைவால் மோட்டார்கள் கருகுகின்றன, டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்க வேண்டும் என்ற மனு.

"இது நாலாவது மனு சார். கரண்டு ஆபீஸ்காரங்களும் வந்து பாக்கத்தான் பாத்தாங்க. மத்தியானம் வருவாங்க. அந்நேரம் எவன் மோட்டார் போடறான்? இருநூத்தி இருபத்தஞ்சு காட்டும். நல்லாத்தானே இருக்குன்னு போயிடறாங்க."

இந்தப் பட்டத்தில் மட்டும் அவர் மோட்டாருக்கு இரண்டு தடவை காயில், அதாவது உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, கருகிவிட்டது. வெங்காயம் காய் திரளும் பருவம். இன்னும் ஒன்றரை மாதம் தண்ணீர் தவறக்கூடாது. மூன்றாவது தடவை மோட்டார் போனால் அதைக் கழற்றி, பெரம்பலூர் கொண்டுபோய்க் கம்பி சுற்றி, திரும்ப மாட்டுவதற்குள் காய் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும்.

"வோல்டேஜ் குறைஞ்சா மோட்டாரை நிறுத்த ஒரு பெட்டி வெப்பாங்களே?" என்று கேட்டேன்.

"வெச்சிருந்தேன். அது நாள் பூரா நிறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதைப் பாத்தா பயிரு காயுது. கழட்டிப்புட்டேன்."

நான் பேனா எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மேஜையிலிருந்த என் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கலைச்செல்வி டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'காலை ஆறு ஐந்து. தவிலில் அடி விழவில்லை, ஒத்தடம் விழுகிறது'" என்று வாய்விட்டுப் படித்தார். "சார், இது நான் மோட்டார் போட்ட நேரமுங்க."

பக்கத்தைத் திருப்பினார். "'எட்டு நாற்பது. திடீரென்று தெளிவு.' நிறுத்திட்டு சாப்பிடப் போனேன். 'மாலை ஐந்தரை. பாடகி மூக்கால் பாடுகிறார்.' இது நானும் மேலக்காட்டு செல்லமுத்துவும் சேர்ந்து ஓட்டினது."

நான் நோட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் அடுத்த பக்கத்துக்கு வந்துவிட்டார். கோடு போட்ட இடம்.

"'பத்து. பதப்பட்டுவிட்டது.'" கோட்டின் மேல் விரலை வைத்தார். "இந்த நாலு நாளும்தான் சார் என் மோட்டாரு கருகிப்போய் பெரம்பலூர்ல கிடந்துச்சு."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. தேதி சரிபார்க்கும் குரலில்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப இத்தனை நாளா நீங்க மார்க் போட்டது ஆம்ப்ளிபயருக்கு இல்ல. அண்ணன் தண்ணி பாய்ச்சறதுக்கு" என்றாள் கலைச்செல்வி. கணக்கு டீச்சர்களுக்கு விடையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மருதமுத்து நோட்டை மூடவில்லை. "சார், மனுவோட இதை வெச்சா என்ன? நேரத்தோட ஒருத்தரு எழுதி வெச்சிருக்காருன்னு ஆவும்ல?"

மூக்கால் பாடும் பாடகி

மின்சார ஆபீஸில் ஏ.இ. மேடம் ஜெராக்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எதிரே மருதமுத்துவும் நானும். சிரிப்பை அடக்குவதற்காக அவர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

"'பாடகி மூக்கால் பாடுகிறார்.' இதை நான் மேல அனுப்ப முடியுமா சார்?"

"அது ஒலியின் தன்மையைப் பற்றி..."

"புரியுதுங்க. நேரமெல்லாம் நிமிஷக் கணக்குல இருக்கு. வோல்டேஜ் எங்க?"

"குறிக்கவில்லை."

"எங்க வேலை பாக்கறீங்க?"

ஆய்வகம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அன்று பட்ட சிரமத்தை வேறெங்கும் பட்டதில்லை.

"ஒரு மாசமா இவ்ளோ எழுதியிருக்கீங்க. பிளக்குல ஒரு மீட்டரைச் சொருகிப் பாக்கணும்னு தோணலையா?"

தோன்றவில்லை. சிமெண்ட் கட்டி வலுவில்லாமல் உடைந்தால் முதலில் தண்ணீரைச் சோதிப்பவன் நான். ஆம்ப்ளிபயர் சரியில்லை என்றதும் திரைச்சீலை தைக்கக் கொடுத்தேன்.

"வியாழக்கிழமை சாயங்காலம் நானே வரேன்" என்றார் அவர். "இவரு வூடுதான் லைனுக்குக் கடைசி. அங்க வெச்சே பாத்துடலாம். ஏழு மோட்டார்காரங்களும் வந்துடுங்க. பாட்டும் இருக்கட்டும் சார். மீட்டரை நம்பாதவங்க காதை நம்புவாங்க."

ஒன்றை அமுக்கினால் ஓடும்

இப்படித்தான் அந்த ஏழு பேரும் எங்கள் ஹாலுக்கு வந்தார்கள். கையில் செல்போன் எதற்கென்றால், இப்போது எல்லா மோட்டார் பெட்டியிலும் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அந்த எண்ணுக்கு அழைத்து ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். இரண்டை அமுக்கினால் நிற்கும். சோபாவில் சாய்ந்தபடி அரை மைல் தள்ளித் தண்ணீர் பாய்ச்சலாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரை வைத்திருந்தேன். மீட்டர் இருநூற்று இருபத்தாறு காட்டியது. ஆலாபனை போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணு" என்றார் மேடம். சோபா ஓரத்தில் இருந்தவர் போனை அமுக்கினார். இருநூற்றுப் பத்தொன்பது.

"ரெண்டு." இருநூற்றுப் பதினொன்று.

"சார், தவில் வெச்சாத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார் தரையில் இருந்த செல்லமுத்து. சரியான கருத்து. ரகுநாதனுக்கு இது தோன்றியதில்லை. தவிலுக்கு மாற்றினேன்.

மூன்று, நான்கு, ஐந்து. நூற்றுத் தொண்ணூற்றைந்தில் மின்விசிறி சோர்ந்தது. தவிலின் அடி எழும்பாமல் கீழேயே உட்கார்ந்தது. "ஒத்தடம் விழுவுதுடா" என்றார் ஒருவர். மருதமுத்து என் குறிப்புகளை ஊருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார் என்று தெரிந்தது.

ஆறாவது மோட்டாருக்கு நூற்று எண்பத்தேழு. மிச்சம் மருதமுத்து ஒருவர்தான். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அமுக்காமல் இருந்தார்.

"மேடம், மத்தவங்களுக்கெல்லாம் வோல்டேஜ் குறைஞ்சா ரெண்டு நிமிஷத்துல நிறுத்துற அந்தப் பெட்டி இருக்கு. எனக்கு இல்ல. இப்பப் போட்டா மூணாவது காயில்."

"நூத்தி எண்பத்தேழுன்னு எழுதிட்டு நான் போயிடலாங்க. ஆனா மேல கேப்பாங்க, எல்லா மோட்டாரும் ஓடுச்சான்னு. இல்லேன்னு எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க."

"எவ்ளோ நேரம் ஓடணும்?"

"அரை நிமிஷம்."

அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். பச்சைத் தாள் முழங்கால் அளவு நின்றது. பிறகு எண்ணைப் போட்டு, ஒன்றை அமுக்கினார்.

நூற்று எழுபத்தொன்று. ஆம்ப்ளிபயர் 'டக்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்து, தவில் பாதி அடியில் நின்றது. அறையில் மேடத்தின் பேனா ஓடும் சத்தம் மட்டும்.

"போதும். எல்லாரும் ரெண்டு அமுக்குங்க!"

ஆறு பேர் அமுக்கினார்கள். மருதமுத்து அமுக்கினார், காதில் வைத்தார், மறுபடி அமுக்கினார். "லைன் கிடைக்கலடா!" என்று போனைச் சோபாவில் எறிந்துவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினார். செல்லமுத்து பின்னாலேயே ஓடினார். மீதிப்பேர் வாசலுக்குப் போனார்கள். மேடமும் எழுந்து போனார்.

ஐந்து நிமிடம் கழித்து மருதமுத்து மூச்சிரைக்க உள்ளே வந்தார். "மோந்து பாத்தேன் மேடம். சூடுதான். கருகல் வாசம் இல்ல."

அப்போது ஹாலில் நான் முழங்காலிட்டு, ஆம்ப்ளிபயரின் மேல்துளைகளில் மூக்கை வைத்திருந்தேன்.

"உங்களுது எப்படிங்க சார்?" என்று கேட்டார் அவர்.

இந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைய நோட்டிலும் வோல்டேஜ் இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிந்த நேரம் இருக்கிறது. அவர் மோட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதல் கையெழுத்து

"பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதறேன். கிடைச்சிடும். ஆனா நாளாகும்" என்றார் மேடம்.

"வெங்காயம் நாள் பாக்காதுங்களே."

"தெரியும். உடனே செய்யறதுன்னா ஒண்ணு இருக்கு." என் பக்கம் திரும்பினார். "இந்த டிரான்ஸ்பார்மர் வயலுக்காகப் போட்டது சார். உங்க தெரு பின்னால வந்து இதுல ஏறுச்சு. பதினாலு வூடு, பதினோரு ஏசி. வூடுங்களை மட்டும் ரேஷன் கடை டிரான்ஸ்பார்மருக்கு மாத்திட்டா மோட்டாருங்க பொழைச்சுக்கும்."

ஒரு மாதமாக மருதமுத்துவின் மோட்டார் என் இசையைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தேன். நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

"அங்கே வோல்டேஜ் எப்படி இருக்கும்?"

"காலையில சுமார். சாயங்காலம் நூத்தி எண்பத்தஞ்சு இருந்தா அதிகம். பாட்டு கேக்கறது கஷ்டந்தான்." ஒரு தாளை எடுத்தார். "தெருக்காரங்க ஆட்சேபணை இல்லேன்னு எழுதித் தரணும். நீங்க முதல்ல போட்டா மத்தவங்களும் போடுவாங்க."

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் தேடுவதாகச் சட்டைப் பையைத் தடவினேன். கலைச்செல்வி தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். போட்டேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்தது.

தெருவில் மற்றவர்களும் போட்டுக் கொடுக்க, சனிக்கிழமை லைனை மாற்றிவிட்டார்கள். அன்று மாலையே இரண்டு ஆம்ப்ளிபயர்களும் என்னிடம் தோற்றன. வால்வின் விளக்குகள் மங்கின. டிரான்சிஸ்டருக்கு மணிக்கு மூன்று முறை சிவப்பு விளக்கு.

எட்டு, எட்டு, எட்டு

ரகுநாதனைக் கூப்பிட்டு, எவ்வளவு குறைந்த வோல்டேஜிலும் மாறாமல் ஓடக்கூடிய ஆம்ப்ளிபயர் எது என்று கேட்டேன்.

"இருக்கு சார்" என்றார் தயங்கி. "ஆனா அதை உங்க ஸ்பீக்கருக்கா? டிபன் பாக்ஸ் சைஸ்தான். உள்ளே லேப்டாப் சார்ஜர் மாதிரி ஒண்ணு இருக்கும். நூறு வோல்ட் குடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். பலமும் இருக்கு. ஆனா பாக்கறவங்க..."

"யார் பார்க்கப் போகிறார்கள்?"

பெரிய பெட்டிகள் இரண்டையும் கட்டி அனுப்பினேன். சின்னது வந்தது. "பீரோவுக்குப் பூட்டு வந்துடுச்சா?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

மூன்றாம் நாள் எட்டு மதிப்பெண். ஏழாம் நாள் எட்டு. இருபத்தெட்டாம் நாளும் எட்டு. காலையிலும் எட்டு, மாலையிலும் எட்டு. குறிப்பு எழுதும் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலையில், வழக்கமாகச் சாத்தியிருக்கும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். ஆலாபனையின் மெல்லிய இடங்கள் கேட்கவே இல்லை. ஆம்ப்ளிபயரைப் பார்த்தேன், பழுதில்லை. பிளக்கில் சொருகி வைத்திருந்த மீட்டரைப் பார்த்தேன். அந்தப் பாடம் கற்றுவிட்டேன். பழுதில்லை. சத்தம் வெளியிலிருந்து வந்தது. முழு வோல்டேஜில் ஓடும் மோட்டாரின் தண்ணீர், சுவருக்கு அப்பால் தொட்டியில் விழும் இரைச்சல். இத்தனை வருடமாக அது அங்கே சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கொட்டத் தொடங்கியது லைன் மாறிய பிறகுதான்.

ஜன்னலைச் சாத்தலாம் என்று எழுந்தேன். வாய்க்கால் ஓரம் மண்வெட்டியோடு நின்ற மருதமுத்து என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவர் காலடியில் தாள்கள் பழுத்துச் சாயத் தொடங்கியிருந்தன. மண்ணைப் பிளந்துகொண்டு காய் வெளியே தெரிந்தது.

"சிமெண்ட் சார்! சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. தண்ணி விழறதுல தவில் காதுல விழ மாட்டேங்குது!"

சமையலறையிலிருந்து கலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்ககிட்ட இப்படி ஒருத்தர் கேட்டு நான் பாத்ததில்ல."

நான் கூட்டினேன்.

"போதுமா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"இன்னும்!" என்றார்.